ஏரி பொது, மீன் யாருடையது?

பங்குனி, சித்திரையில் ஏரித் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்டால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் மீன் பேச்சுதான் நடக்கும். எந்த ஏரியில் விரால் கிடக்கிறது, எந்த ஏரியில் வெறும் ஜிலேபிதான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். மடைக்கு முன்னால் உள்ள பள்ளம், கலங்கல் வழிந்து விழுந்து குழிந்த மடு, வரத்துக்கால் ஏரியோடு சேரும் வாய், கோரையும் சம்பும் மண்டிய கரையோரம். சின்ன ஏரிகளில் மீன் தங்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். சேரி மக்கள் அளவுக்கு இவற்றைத் தெரிந்தவர்கள் குறைவு. மடை திறந்ததும் அடைத்ததும், கரை உடைந்த இரவில் மண்ணும் தழையும் சுமந்ததும், வரத்துக்கால் தூர் எடுத்ததும் நம்முடைய முன்னோர்கள் என்பதால் வந்த அறிவு அது.

ஆனால் அதே ஏரியின் மீன் ஏலம் விடப்படும் நாளில், ஏலம் கேட்பவர்களின் கூட்டத்தில் நம்மவர்களைக் காண்பது அரிது. ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, "அவங்ககிட்ட பணம் ஏது?" இன்னொன்று, "காலங்காலமா ஊர்ல இப்படித்தான்." முதல் பதில் பாதி உண்மை. இரண்டாவது பதிலைத்தான் சோதித்துப் பார்க்க விரும்புகிறோம். காலங்காலமாக என்றால் எந்தக் காலத்திலிருந்து? ஊர் என்றால் யார்?

அரசு அறிவிப்புகளில் இந்த ஏலத்துக்கு 'மீன்பாசி குத்தகை' என்று பெயர். பழைய கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று வரும் சொல்லின் வாரிசு இது. ஏரி, குளத்தில் மீன் பிடிப்பதற்குக் கட்டும் பாட்டம் என்பது பொருள். ஆக, ஏரி மீனிலிருந்து வருமானம் எடுப்பது நேற்று வந்த பழக்கமல்ல. அந்த வருமானத்தை ஏரியைத் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவுமே செலவிட வேண்டும் என்று ஒதுக்கிய ஏற்பாடுகளும் கல்வெட்டுகளில் உண்டு. மீன் விற்ற காசு ஏரிக்கே திரும்புவது நல்ல ஏற்பாடுதான். ஏற்பாட்டை நடத்தியவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ஏரி மாவட்டத்தின் நடுவிலேயே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919லும் 921லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளைக் காட்டி 'ஜனநாயகத்தின் தொட்டில்' என்று மேடைதோறும் பேசுகிறார்கள். குடவோலை முறையில் உறுப்பினர் தேர்வு, ஆண்டு முழுவதற்கும் ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட ஏரிவாரியம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. குடத்தில் பெயர் போடத் தகுதி என்னவென்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களின் சபை. வயிரமேக தடாகம் என்ற அந்தப் பேரேரியின் மண்ணைச் சுமந்தவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டிருக்க வழியே இல்லை.

இதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்தபோது, எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று ஊர்வாரியாகக் கணக்கெழுதினார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு என்று போகும் அந்தப் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே வருகின்றன. ஊர்நத்தம் வேறு, சேரி வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப்பிள்ளையின் கையில் இந்தக் கோடு தெளிவாக விழுந்திருக்கிறது. இன்று 'ஊர்ப் பொது ஏரி' என்று ஒருவர் சொல்லும்போது அந்தச் சொற்றொடரில் உள்ள 'ஊர்' எது என்பதை இந்தக் கோட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பொது என்பது ஊருக்குள் பொது.

சேரி ஏரிக்கு வெளியே நிற்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை. ஏரியின் அன்றாட வேலை முழுக்க நம் கையில் இருந்தது. வடமாவட்டங்களில் நீர்க்கட்டி, கம்புகட்டி என்றும், தெற்கே நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்றும் அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நம்முடைய மக்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், எந்த மடையை எவ்வளவு திறப்பது, தண்ணீர் குறைந்த ஆண்டில் யாருடைய பயிரை முதலில் காப்பாற்றுவது என்பதெல்லாம் அவர்கள் வழியாகத்தான் நடந்தது. நிலம் இல்லாதவனிடம் மடையைக் கொடுத்ததற்கு ஒரு கணக்கு இருந்தது. சொந்த வயல் இருந்தால் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வான். இல்லாதவன் நடுநிலையாக இருப்பான். இதைச் சிலர் நம் சமூகத்துக்குக் கொடுத்த மரியாதை என்று வருணிக்கிறார்கள். நிலமில்லாமல் வைத்திருந்ததையே தகுதியாக ஆக்கிக்கொண்டார்கள் என்று நாம் படிக்கிறோம்.

நிறைந்த ஏரியில் மடைக்கல்லை எடுக்க மூச்சடக்கி மூழ்க வேண்டும். இழுப்பில் கால் மாட்டினால் உடம்புதான் மறுபக்கம் வரும். இதற்குக் கூலி, களத்தில் அளக்கும் நெல். அறுவடை நன்றாக இருந்தால் கிடைக்கும், பொய்த்தால் கிடைக்காது.

கம்பெனி ஆட்சி வந்தது. 1760களில் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுப் பகுதி ஜாகீராகக் கம்பெனிக்குக் கிடைத்தது. அதன் பிறகு ஹைதர் அலியோடான போர்களிலும் பஞ்சத்திலும் ஏரிகள் பாழாகிக் கிடந்தன. 1790களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டதையும், கரை உடையாமல் ராமர் காத்த கதையையும் அங்கே போகும் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஏரி காத்த ராமருக்குக் கோயில் இருக்கிறது. ஏரி காத்த கம்புகட்டிக்கு அப்பகுதியில் எங்காவது ஒரு நடுகல் இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்ப்போம். இதே காலத்தில்தான் பக்கத்து வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, கலெக்டரிடம் எழுத்தில் உறுதி வாங்கினார்கள். பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். அந்த ஏரியில் கூழைக்கடாவும் நாரையும் தடையில்லாமல் மீன் பிடிக்கும் உரிமை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுத்தில் வந்துவிட்டது. நமக்கு இன்னும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஏனென்றால் கம்பெனி, கிராமத்தை மிராசுதார் கண்வழியாகவே பார்த்தது. விளைநிலம் மட்டுமல்ல, தரிசு, மேய்ச்சல், வீட்டுமனை என்று கிராம எல்லைக்குள் உள்ள எதன் மேலும் தமக்கே முன்னுரிமை என்று மிராசுதார்கள் கோரினார்கள். பிரிட்டிஷ் தர்காஸ்து விதிகளும் தரிசு நிலம் கேட்டு மனுப் போடுவதில் அவர்களுக்கே முதலிடம் தந்தன. 1843இல் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று அறிவித்தார்கள். ஆனால் குடிசை போட்ட மண்ணே மிராசுதாருடையது என்றால் விடுதலையான அடிமை எங்கே போவான்?

அடுத்து நடந்ததைப் பலர் பேசுவதில்லை. அடிமை ஒழிப்புக்குப் பதினைந்தே ஆண்டுகளில், 1858இல், சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், சுற்றுவட்டாரத்தில் உள்ள 'உழைக்கும் வகுப்புகளைச்' சேர்ந்த திடமான ஆண்களை வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தலாம். வழக்கமான குடிமராமத்து வேலையைச் செய்யத் தவறினாலும் வசூல் உண்டு. ஏரி உடைந்தால் மிராசுதாரின் பயிர்தான் போகும், ஆனால் கரைக்கு ஓட வேண்டியவர் உழைக்கும் வகுப்பு. குடிமராமத்தை 'நம் முன்னோர்களின் கூட்டு வாழ்க்கை' என்று உருகி எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை படிப்பது நல்லது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையே சொந்தமில்லை, நிலம் கேட்டால் மிராசுதார் தடுக்கிறார் என்று அதில் விரிவாகச் சொன்னார். 1892இல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலங்கள் எங்கே போயின என்பது தனிக் கதை, நாம் பலமுறை எழுதியதுதான். இங்கே ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கொடுக்கப்பட்டவை தரிசுகள். ஏரிப் பாய்ச்சலில் இருந்த நன்செய் ஏற்கெனவே கைமாறி முடிந்திருந்தது. நிலம் கிடைத்த குடும்பங்களும் பெரும்பாலும் ஆயக்கட்டுக்கு வெளியேதான் நின்றன. ஏரியில் பேச வேண்டுமானால் ஆயக்கட்டில் நிலம் வேண்டும் என்ற பழைய விதி அப்படியே இருந்தது.

இந்த மாவட்டம் அதற்குப் பதில் சொல்லும் ஒரு மனிதரையும் தந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன், 'பறையன்' இதழை 1893இல் தொடங்கியவர், 1924இல் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பினரும் பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தவும், பொது அலுவலகங்களுக்குப் போகவும் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையாகவும் ஆனது. அதில் நம்மில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு பகுதி உண்டு. பொது அலுவல் நடக்கும் இடங்களும் கட்டடங்களும் எல்லோருக்கும் திறந்தவை என்றும் அது சொன்னது. தெருவையும் கிணற்றையும் மட்டும் கேட்டுவிட்டு அவர் நிறுத்தவில்லை. ஏலம் போடுகிற, கணக்குப் பார்க்கிற, முடிவெடுக்கிற இடத்துக்குள்ளும் வழி கேட்டார். ஏரிக்காட்டிலிருந்து வந்தவருக்கு அந்த இடங்களின் பலம் தெரிந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

மகாராட்டிரத்தில் இதே போராட்டம் இன்னும் கூர்மையாக நடந்தது. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் போலே தீர்மானம், அதையொட்டி மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக ஒரு தீர்மானம், பிறகு யாரும் பக்கத்தில் போக முடியாத மூன்று ஆண்டுகள். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் போய் அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். திரும்பிய மக்களை அடித்தார்கள், பிறகு சாணமும் மூத்திரமும் கலந்து குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அந்தக் குளம் நகராட்சியின் பொதுக்குளம்தான் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் முடிவாகச் சொல்ல 1937 வரை ஆனது. வழக்கில் எதிர்த்தரப்பு தாகத்தைப் பற்றி வாதாடவில்லை. குளம் தங்கள் தனிச்சொத்து என்றுதான் வாதாடியது. தண்ணீர்ச் சண்டை எப்போதும் சொத்துச் சண்டையாகவும் இருக்கிறது. அம்பேத்கர் அதை நன்றாகவே அறிந்திருந்தார். குளத்து நீரைக் குடிக்காவிட்டால் செத்துவிடுவோம் என்பதற்காக அங்கே போகவில்லை, எல்லோரையும் போல மனிதர்கள் என்று நிறுவவே போகிறோம் என்று அவர் சொன்னதின் பொருளும் அதுதான்.

சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா முயற்சியில் 1938இல் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. பிறகு அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம். குளத்தில் இறங்கலாம், குளிக்கலாம், குடம் நிரப்பலாம் என்பதெல்லாம் காகிதத்திலாவது முடிந்துவிட்டது. மீன் மட்டும் எந்தச் சட்டத்தின் வரியிலும் இல்லை. அதை யாரும் உரிமையாக எண்ணவில்லை.

மீனில் இதற்குள் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இதுதான்.

பழைய ஏரி மீன்களை நினைத்துப் பாருங்கள். விரால், குரவை, கெளுத்தி, ஆரால், அயிரை, உளுவை, சின்னக் கெண்டை. இவற்றை யாரும் வளர்க்கவில்லை. மழையில் வரத்துக்கால் வழியாக ஏறி வரும், சேற்றிலும் கோரையிலும் பெருகும், தண்ணீர் வற்றும்போது மண்ணுக்குள் பதுங்கும். விராலும் குரவையும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடியவை என்பதால் கணுக்கால் அளவு சேற்றிலும் உயிரோடு கிடக்கும். இவற்றைப் பிடிக்கப் படகோ பெரிய வலையோ வேண்டாம். கை, ஊத்தா, ஒரு பழைய புடவை போதும். சேரிப் பெண்களும், ஏரியை நம்பி வாழ்ந்த இருளர் குடும்பங்களும் கையாலேயே துழாவிப் பிடித்தார்கள். கஞ்சிக்குக் குழம்பு கிடைத்தது. பெரிய மீனைச் செம்படவர்கள் வலை போட்டு எடுத்து விற்றார்கள். அது அவர்கள் தொழில். அவர்களையும் இந்தக் கதையின் வில்லன்கள் என்று நாம் எழுதப்போவதில்லை, அவர்களும் பின்னால் ஒப்பந்தக்காரரின் கூலிகளானவர்கள்தாம். சேற்று மீன் யாருடையதும் இல்லை என்பதால்தான் ஏழைக்குக் கிடைத்தது.

1907இல் சென்னை மாகாணத்தில் மீன்துறை தொடங்கியது. ஜிலேபி என்று நாம் சொல்லும் திலாப்பியா 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. 1957இல் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி ஊசி மூலம் கெண்டை இனங்களை முட்டையிட வைத்ததும், கங்கைச் சமவெளியின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் நாடு முழுவதும் ஏரிகளுக்குப் போகத் தொடங்கின. உற்பத்தி பெருகியது, மறுக்கவில்லை. ஆனால் குஞ்சு விலைக்கு வாங்கி விடப்படுகிறது. விட்டவர் குத்தகைதாரர். அன்றிலிருந்து ஏரியில் நீந்தும் ஒவ்வொரு மீனும் ஒருவருடைய முதலீடு. கரையில் காவல் குடிசை வந்தது, டார்ச் லைட் வந்தது. வற்றிய ஏரியில் ஊத்தாவோடு இறங்கிய பெண் அதுவரை 'மீன் பிடிக்கிறவள்'. அதன் பிறகு 'மீன் திருடுகிறவள்'. அவள் கையில் சிக்கியது யாரும் வாங்கி விடாத குரவையாக இருந்தாலும் சரிதான். காவல்காரன் மீனின் இனம் பார்த்து அடிப்பதில்லை. மீன் திருட்டு என்று தொடங்கிக் கட்டிவைத்து அடித்ததில் முடிந்த செய்திகளைப் படிக்கும்போது, திருட்டு என்ற சொல் எந்த ஆண்டில் அந்த ஏரிக்குள் வந்தது என்று கேட்டுப்பார்ப்பது நம் வழக்கமாக வேண்டும்.

இன்னொரு பக்கம் தெற்கே மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக் கண்மாய்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழா. ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் வரும். விடியற்காலையில் சுற்று ஊர் மக்கள் ஊத்தா, கச்சா, வலை, வேட்டியோடு கரையில் காத்திருப்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துணியை வீசியதும் ஒரே பாய்ச்சல். 'சாதி மத பேதமின்றி' என்று செய்தி வாசிப்பவர் தவறாமல் சொல்வார். மகிழ்ச்சியான நாள்தான் அது, நம்மவர்களும் போகிறார்கள், பை நிறையக் கொண்டுவருகிறார்கள், அன்று தெருவெல்லாம் மீன் குழம்பு வாசம். அதைக் கெடுக்க நமக்கு விருப்பமில்லை. ஆனால் வெள்ளைத் துணி எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். திறப்பதும் மூடுவதும் யார் கையில் என்பதை அந்த ஒரு முழத் துணி காட்டிவிடுகிறது.

ஏலத்துக்கு வருவோம். சிறு குளங்களும் ஊரணிகளும் ஊராட்சி பெயரில் இருக்கின்றன. நூறு ஏக்கருக்குக் குறைந்த பாசனமுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறையாக இருந்து இப்போது நீர்வளத் துறையிடம். மீன்பாசியை யார் ஏலம் விடுவது என்பது ஏரிக்கு ஏரி மாறும். இது போதாதென்று பல ஊர்களில் இரண்டு ஏலம் நடப்பது ஊரறிந்த ரகசியம். அரசுக்குக் காட்ட ஒரு சின்னத் தொகைக்கு ஒருவர் பெயரில் எடுத்துவிட்டு, பிறகு கோயில் மண்டபத்தில் உண்மையான ஏலம் போடுவார்கள். அந்தப் பணம் 'ஊர்ப் பொது'வுக்குப் போகும். அதில் கோயிலுக்குக் கொடை நடக்கும், தேர் செப்பனிடப்படும். நம் தெரு வழியே வராத தேர். கல்வெட்டுக் காலத்தில் ஏரிக்கே திரும்பிய மீன் காசு இன்று ஏரிக்கும் திரும்புவதில்லை.

முன்பெல்லாம் ஏலத்தைத் தண்டோரா போட்டு அறிவிப்பார்கள். பறையடித்துச் சொன்னவர் நம்மவர். ஊர்த்தெருவெல்லாம் போய் ஏலத் தேதியைக் கூவியவருக்கு, அந்த ஏலத்தில் ஒரு விலை கேட்கும் நினைப்பு வந்திருந்தால் அன்றைய இரவு எப்படி முடிந்திருக்கும்? 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடும்படி தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதினார். வரவேற்றோம். இப்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ போகிறது, ஆனால் ஏலக் கூட்டம் கூடும் இடம் மாறிவிடவில்லை.

1996இல் இது முதல்முறையாக ஆட்டம் கண்டது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1994இன் ஊராட்சிகள் சட்டப்படி நடந்த முதல் தேர்தலில் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தலை நடத்தவிடவில்லை, நடந்தாலும் வென்றவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனும் உடன் வந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பேருந்தில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

இந்த எதிர்ப்பை 'கௌரவப் பிரச்சினை' என்று எழுதி முடித்துவிடுவது பத்திரிகை வழக்கம். கௌரவம் உண்டுதான். கூடவே ஒரு கையெழுத்தும் உண்டு. கண்மாய் மீன், புளியமரம், கருவேலமரம் என்று ஊராட்சியின் குத்தகைகளை முடிவு செய்யும் தீர்மானப் புத்தகத்தில் தலைவர் கையெழுத்து வேண்டும். ஒரு தலித் கையெழுத்துப் போட்டால்தான் ஆண்ட பரம்பரை மீன் பிடிக்க முடியும் என்ற நிலை, நாற்காலியைவிடப் பெரிய சிக்கல். இன்றும் ஒதுக்கீட்டுத் தொகுதிகளில் இது தொடர்கிறது. காசோலையில் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அந்தத் துணைத்தலைவர் பெரும்பாலும் ஊர்த்தெருக்காரர். கையெழுத்தை நிறுத்தி வைத்தே ஒரு தலைவரை ஐந்தாண்டு சும்மா உட்கார வைக்கலாம்.

இதற்கிடையில் 2000இல் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் வந்தது. ஏரியை மக்களிடமே ஒப்படைக்கிறோம் என்றார்கள். நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராகி வாக்களிக்க ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும். 2017இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கியபோதும் பத்து சதவீதப் பங்களிப்போடு வேலை எடுத்தது ஆயக்கட்டுதாரர் சங்கங்கள்தான். உத்திரமேரூரில் கால் வேலி நிலம், இங்கே ஆயக்கட்டு நிலம். நடுவில் 1,080 ஆண்டுகள்.

சட்டத்தில் ஒரு திறப்பு பின்னால் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் செய்யப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், ஒரு பகுதியின் பொதுச் சொத்து வளங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது வன்கொடுமை என்று சேர்க்கப்பட்டது. ஆறு, ஓடை, கிணறு, குளம் அதற்கடுத்துத் தனியே சொல்லப்படுகின்றன. பொதுச் சொத்து வளம் என்பது தண்ணீரைத் தாண்டிய சொல். ஏரியின் மீன் அதற்குள் வரும் என்பது நம் வாதம். ஏலம் கேட்கவிடாமல் தடுப்பதையும், கேட்டவரின் தெருவுக்குக் கடை, பால், வேலை நிறுத்துவதையும் இந்தச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுக்க வேண்டும். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே திருத்தத்தில் குற்றமாகியிருக்கிறது. காவல் நிலையத்தில் 'இது ஏலத் தகராறுதானே' என்று சிவில் வழக்காக்கப் பார்ப்பார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பணம் ஏது என்ற முதல் பதில் பாக்கி இருக்கிறது. முன்வைப்புத் தொகை, குஞ்சு, வலை, காவல் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்தான். ஆனால் ஊர்த்தெருவிலும் தனி ஆள் பணத்தில் எல்லா ஏலமும் எடுக்கப்படுவதில்லை. பத்துப் பேர் கூட்டு சேர்ந்து எடுக்கிறார்கள். மகளிர் குழுக்களை வைத்து நம் தெருவும் கூட்டு சேரலாம். மீன் நிற்கும் இடம் நமக்குத் தெரியும் என்று முதலிலேயே சொன்னோம், அதற்கு வங்கிக் கடன் தேவையில்லை.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், இப்போது கிராமசபை கூடும் நாட்களில் ஒன்று. ஏரி வற்றத் தொடங்கும் நேரமும் அதுதான். அன்று நம் தெருவிலிருந்து பத்துப் பேராவது போய் மீன்பாசிக் குத்தகை பற்றிக் கேட்போம். ஊராட்சி எல்லைக்குள் உள்ள ஏரி, குளம் எத்தனை, ஒவ்வொன்றும் யார் பெயரில் இருக்கிறது, நடப்புக் குத்தகை எந்த மாதம் முடிகிறது, சென்ற முறை ஏலம் கேட்டவர்கள் யார் யார், எவ்வளவுக்குப் போனது, பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று வரிசையாகக் கேட்டு, கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்வோம். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு. ஏலம் எங்கே வைத்து நடந்தது என்பதையும் மறக்காமல் எழுத்தில் கேட்போம். கோயில் மண்டபம் என்று பதில் வந்தால், அதனுடன் 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் நகலை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவோம்.